புள்ளி நிற்கிறதா, பாருங்கள்

டிசம்பர் பிறந்துவிட்டால் பதிப்பகத்துக்காரர்களுக்கு இரண்டு கவலை. ஜனவரி புத்தகக் காட்சிக்குள் பைண்டிங் முடிந்து வருமா என்பது ஒன்று. அட்டைப்படத்தை ஃபேஸ்புக்கில் எப்போது போடுவது என்பது இன்னொன்று. புத்தகம் அச்சுக்கே போயிருக்காது, அட்டை மட்டும் ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த அட்டையைச் செய்து தருகிற என்னைப் போன்ற லேஅவுட் ஆட்களுக்கு அப்போதிலிருந்து ஒரே புகார்தான். "அண்ணே, பிடிஎஃப்ல பளிச்சுனு இருக்கு. போஸ்ட் போட்டா மட்டும் ஏன் கலங்கிடுது?" கூடவே அடுத்த கேள்வியும் தயாராக வரும். "300 டிபிஐலதானே அனுப்புனீங்க?"

இந்த 300தான் முதல் வில்லங்கம். அச்சுத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது கிட்டத்தட்ட வேதவாக்கு. ஒரு அங்குலக் காகிதத்தில் எத்தனை பிக்சலைக் கொட்டுவது என்பதற்கான கணக்கு அது. ஃபோனுக்கு அங்குலம் தெரியாது. இன்ஸ்டாகிராமுக்கும் தெரியாது. கோப்புக்குள் 72 என்று எழுதியிருந்தாலும் 300 என்று எழுதியிருந்தாலும், குறுக்கே எத்தனை பிக்சல், நெடுக்கே எத்தனை பிக்சல் என்று மட்டும்தான் அவை பார்க்கும். 1080 பிக்சல் அகலமுள்ள படத்தில் அந்த எண்ணை மாற்றி மாற்றி எழுதிச் சேமித்தாலும் திரையில் ஒரு மயிரிழை வித்தியாசம் வராது.

அப்படியானால் பக்கம் வடிவமைக்கிற மென்பொருளான இன்டிசைனில், பக்கத்தைப் படமாக வெளியே எடுக்கிற எக்ஸ்போர்ட் பெட்டியில் ரெசொலூஷன் என்று கேட்கிறதே, அது எதற்கு? பக்கத்தின் அளவு அங்குலத்திலோ மில்லிமீட்டரிலோ இருக்கிறது, படம் பிக்சலில் வர வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரு பெருக்கல் தேவை, அவ்வளவுதான். ஏ4 பக்கத்தை 72இல் எடுத்தால் 595 × 842 பிக்சல் வரும். 150இல் எடுத்தால் 1240 × 1754. 300இல் 2480 × 3508. ஆக, முதலில் கேட்க வேண்டியது "எத்தனை டிபிஐ" என்று இல்லை. "போகிற இடத்தில் எத்தனை பிக்சல் கேட்கிறார்கள்" என்றுதான். இன்ஸ்டாகிராமின் பழைய கணக்கு 1080 பிக்சல் அகலம். சதுரம் என்றால் 1080 × 1080, நெட்டுவாக்கில் 1080 × 1350, ஸ்டோரிக்கு 1080 × 1920. ஃபேஸ்புக்கில் 2048 பிக்சல் அகலம் வரை தாங்கும். அதற்கு மேல் கொடுத்தால் அவர்களே சுருக்கிக்கொள்வார்கள். எப்படிச் சுருக்குகிறார்கள், எவ்வளவு நசுக்குகிறார்கள் என்பது நம் கையில் இல்லை. குறைவாகக் கொடுத்தால் இன்னும் மோசம், இருக்கிற 595 பிக்சலை இழுத்துத் திரை முழுக்கப் பரப்பும்.

சரி, 1080 என்று தெரிந்துகொண்டு ஏ4 அழைப்பிதழை அப்படியே 1080 அகலத்துக்கு எடுத்துவிட்டால் போதுமா என்றால், போதாது. இங்கேதான் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும்.

ஏ4 அகலத்தை 1080 பிக்சலில் அடக்கினால் எழுத்தளவின் அலகான ஒரு பாயின்ட்டுக்கு 1.8 பிக்சல் கிடைக்கும். அழைப்பிதழின் அடியில் 10 பாயின்ட்டில் பேச்சாளர் பெயர்கள் இருக்கின்றன என்று வையுங்கள். மேல் கொம்பு, கீழ் வால் எல்லாம் சேர்த்து ஒரு வரிக்கு 18 பிக்சல். அதில் 'க' என்கிற எழுத்தின் உடம்புக்கு ஒன்பது பத்து பிக்சல்தான் மிஞ்சும். அதன் தலையில் வைக்கிற புள்ளிக்கு? இரண்டு பிக்சல். மெல்லிய எழுத்துரு என்றால் ஒன்றரை. ஒன்றரை பிக்சல் என்று ஒன்று கிடையாது, ஆகவே மென்பொருள் ஒரு பிக்சலைக் கறுப்பாகவும் பக்கத்துப் பிக்சல்களைச் சாம்பலாகவும் ஆக்கிச் சமாளிக்கும். அதற்குப் பிறகு ஜேபெக் படமாகச் சேமிக்கும்போது நடக்கிற நசுக்கல், அதற்கும் மேலே வாட்ஸ்அப் நசுக்கல். கடைசியில் புள்ளி அடி எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், இல்லை பின்னணியில் கரைந்துவிடும்.

ஆங்கிலத்தில் எழுத்து கொஞ்சம் மங்கினாலும் ஒப்பேற்றிவிடலாம், 'i' தலையில் இருக்கிற புள்ளி போனால் யாருக்கும் நஷ்டமில்லை. நம் எழுத்தில் பாதி இலக்கணம் அந்தச் சின்னச் சின்ன உறுப்புகளில்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் மேலே ஒரு சுழி. ண, ன இரண்டுக்கும் வித்தியாசம் ஒரு சுழி. கி, கீ இரண்டுக்கும் அப்படியே. வாக்கியத்துக்குள் இவை மங்கினால் கண் பழக்கத்தில் சரியாகப் படித்துக்கொள்ளும். பெயரில் மங்கினால் என்ன செய்வது? வாழ்த்துரை வழங்குபவரின் தலைப்பெழுத்து பெ.யா, பே.யா என்று எந்தப் பழக்கமும் சொல்லித் தராது. அடியில் இருக்கிற தொடர்பு எண்ணில் 3, 6, 8 மூன்றும் ஒன்றுபோல் தெரிய ஆரம்பிக்கும். அதனால் படம் கூர்மையாக வந்திருக்கிறதா என்று பார்க்க நான் அட்டை ஓவியத்தைப் பார்ப்பதில்லை, ஆசிரியர் படத்தையும் பார்ப்பதில்லை. இருப்பதிலேயே சின்ன வரியைத் தேடிப் பிடித்து அதில் புள்ளி நிற்கிறதா என்று பார்ப்பேன். புள்ளி நின்றால் மற்றதெல்லாம் நிற்கும்.

இதற்கு எக்ஸ்போர்ட் பெட்டிக்குள் மருந்து கிடையாது. ஃபோன் திரையின் அகலம் ஏழு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 21 சென்டிமீட்டர் காகிதத்தை அதற்குள் திணித்தால் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். 10 பாயின்ட் எழுத்து மூன்று பாயின்ட்டாகத் தெரியும். உலகத்திலேயே நல்ல பிரின்டரில் அடித்தாலும் மூன்று பாயின்ட் தமிழை யாரும் படிக்கப் போவதில்லை. கலங்கலாக இருக்கிறது என்று வருகிற புகார்களில் பாதி உண்மையில் கலங்கலைப் பற்றியதே இல்லை, எழுத்து சின்னது என்பதுதான் விஷயம். காகிதத்துக்குச் செய்த பக்கத்தை ஃபோனுக்கு அனுப்பாமல், ஃபோனுக்கென்று தனியாக ஒரு பக்கம் செய்ய வேண்டும். கூடுதல் வேலைதான். கூடுதல் காசு கேளுங்கள்.

இன்டிசைனில் புது ஆவணம் திறக்கும்போது பிரின்ட் என்பதற்குப் பதிலாக வெப் என்று தேர்ந்தெடுத்தால் அளவுகள் பிக்சலுக்கு மாறிவிடும். அங்கே ஒரு பிக்சலும் ஒரு பாயின்ட்டும் ஒன்றே, இரண்டும் அங்குலத்தில் 72இல் ஒரு பங்கு. எனவே 1080 × 1350 பக்கத்தை 72இல் எக்ஸ்போர்ட் செய்தால் சரியாக 1080 × 1350 கிடைக்கும். 72 என்று பார்த்ததும் பதறி 300 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். 4500 × 5625 பிக்சலில் ஒரு பூதம் வந்து நிற்கும். எழுத்தளவைப் பொறுத்தவரை இந்தப் பக்கத்தில் 40 பிக்சலுக்குக் கீழே தமிழை வைப்பதில்லை என்று ஒரு கோடு போட்டிருக்கிறேன். திரையில் அது ஏழு பாயின்ட் போலத் தெரியும். அதில் அடங்காத வாசகம் அந்தப் படத்துக்கு வேண்டாம். அழைப்பிதழில் இருக்கிற எல்லாப் பெயரும் வேண்டும் என்றால் இரண்டு படமாக, மூன்று படமாகப் பிரித்துப் போடலாம். 'இவர் பெயர் இரண்டாவது படத்தில் வந்தால் கோபித்துக்கொள்வார்' என்பதற்கு என்னிடம் தொழில்நுட்பத் தீர்வு இல்லை.

புது ஆவணத்தில் இன்னொன்று. யூனிகோட் தமிழை ஒட்டியதும் கொம்பு இடம் மாறி, புள்ளி தனியாகத் தள்ளி நின்றால் பயப்பட வேண்டாம். பத்தி அமைப்பில் அடோபி வேர்ல்டு ரெடி கம்போஸர் என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஒழுங்காகச் சேர்ந்துகொள்ளும். இன்டிசைனுக்குப் பதிலாக ஸ்கிரைபஸ் பயன்படுத்துகிறவர்கள் பழைய 1.4 பதிப்பில் தமிழோடு மல்லுக்கட்ட வேண்டாம், 1.6க்கு வந்துவிடலாம்.

புத்தக அட்டைக்கு வருவோம். நம்மூரில் டெமி என்கிற அளவுப் புத்தகம் 5.5 × 8.5 அங்குலம். அதை 1080 × 1350 சட்டத்துக்குள் முழுதாக வைத்தால் உயரம் முட்டும்போது அகலம் 873 பிக்சல்தான் வரும். மிச்சத்தை இரண்டு பக்கமும் ஏதாவது பின்னணி நிறத்தால் நிரப்ப வேண்டும். அட்டையை மட்டும் நேராக ஏற்றினால் இன்ஸ்டாகிராம் மேலும் கீழும் வெட்டும். பெரும்பாலும் வெட்டுப்படுவது பதிப்பகத்தின் பெயர். ராப்பரை முன்னட்டை, முதுகு, பின்னட்டை என்று ஒரே நீளப் பக்கமாகச் செய்திருந்தால், முன்னட்டையை மட்டும் தனிப் பக்கமாக எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்புகிற பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. திரையில் அந்த நேரத்தில் 66.7 சதவீதமோ 50 சதவீதமோ, எந்த அளவில் பக்கம் தெரிந்ததோ அந்தத் தரம்தான் அதில் வரும். இன்டிசைன் வேகத்துக்காகப் படங்களை மட்டமான முன்தோற்றத்தில் காட்டிக்கொண்டிருந்தால் அதுவும் சேர்ந்து வரும்.

கூர்மைக்கு நான் செய்கிற முக்கியமான வேலை ஒன்று உண்டு. 1080 பக்கத்தை நேராக 72இல் எடுக்காமல், நான்கு மடங்காக, 288இல் எடுப்பேன். 4320 × 5400 வரும். அதைப் படம் திருத்துகிற ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ திறந்து 1080 × 1350 ஆகச் சுருக்குவேன். சுற்றி வளைக்கிற மாதிரிதான் தெரியும். ஆனால் இன்டிசைன் எழுத்தின் விளிம்பை நேராகப் பிக்சலாக்குகிற விதம் ஆங்கிலத்தின் நேர்கோடுகளுக்குப் பரவாயில்லை, நம் சுழிகளுக்கு அவ்வளவு சுகப்படவில்லை என்பது என் கண்ணுக்குத் தெரிகிற விஷயம். ஒவ்வொரு சின்னப் பிக்சலும் பதினாறு பிக்சல்களின் சராசரியாக உருவாகும்போது 'ழ'வின் கீழ்ச் சுழி உடையாமல் வரும். சுருக்கும் முறையாக ஃபோட்டோஷாப்பில் பைகியூபிக் ஷார்ப்பர், ஜிம்ப்பில் நோஹேலோ அல்லது லோஹேலோ. அதற்கு மேல் ஷார்ப்பன் ஃபில்டரை ஏற்றிக்கொண்டே போகக் கூடாது. எழுத்தைச் சுற்றி வெள்ளை விளிம்பு கட்டும், ஜேபெக் அந்த விளிம்பை எடுத்துக்கொண்டு ஊர்வலம் போகும்.

கோடுகள் மங்கினால் காரணம் வேறு. பெட்டிக்கு ஒரு பிக்சல் கட்டம் போடுகிறீர்கள், பெட்டி சரியாக 100ஆவது பிக்சலில் தொடங்குகிறது, ஆனாலும் கோடு இரண்டு பிக்சல் தடிமனில் சாம்பலாக வருகிறது. காரணம், இன்டிசைனில் கோடு வழக்கமாகப் பெட்டியின் விளிம்புக்கு நடுவில் உட்காரும். பாதி உள்ளே, பாதி வெளியே. 99.5இலிருந்து 100.5 வரை போகிற கோட்டை வரைய முடியாமல் இரண்டு பிக்சலுக்கும் பாதிப் பாதி நிறம் கொடுக்கிறது. ஸ்ட்ரோக் பலகத்தில் கோட்டை உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளச் சொன்னால் பளிச்சென்று வந்துவிடும். அச்சில் அழகாக வருகிற கால் பாயின்ட் கோடு இங்கே கால் பிக்சல். கொஞ்சம் அழுக்குப் பட்டது போலத் தெரியும், அவ்வளவே.

நிறம். இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள், ஆனால் கலங்கலுக்குக் காரணம் நிறம் என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. ஜேபெக் படத்தைச் சேமிக்கும்போது வெளிச்சத்தையும் வண்ணத்தையும் தனித்தனியாகப் பிரிக்கும். வெளிச்சத்தைப் பிக்சலுக்குப் பிக்சல் வைத்துக்கொள்ளும். வண்ணத்தை, பெரும்பாலான இடங்களில், இரண்டுக்கு இரண்டு என்று நான்கு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே மதிப்பாகச் சராசரி போட்டுவிடும். மனிதக் கண்ணுக்கு வண்ணத்தின் நுணுக்கம் அவ்வளவு தெரியாது என்ற தைரியம். புகைப்படத்தில் அது சரிதான். எழுத்தில்? மஞ்சள் மேல் கறுப்பு என்றால் கவலையில்லை. முழு வெள்ளை 255 என்றால் மஞ்சளின் வெளிச்சம் 226, கறுப்பு 0. விளிம்பு முழுக்க வெளிச்சத்திலேயே இருக்கிறது. சிவப்பின் வெளிச்சம் வெறும் 76, நீலம் 29. கறுப்பு மேல் சிவப்பு, கருநீலத்தின் மேல் சிவப்பு என்று தலைப்பை வைத்தால் எழுத்தின் வடிவத்தை வண்ணம்தான் சுமந்துகொண்டிருக்கிறது, அந்த வண்ணத்தையோ நான்கில் ஒன்றாகக் குறைத்துவிட்டார்கள். நம் நாவல் அட்டைகளில் கறுப்பில் ரத்தச் சிவப்புத் தலைப்புக்கு இருக்கிற மவுசு தெரிந்ததுதானே. அச்சில் மிரட்டும். ஃபோனில் பிசுபிசுவென்று ஓடும். ஃபோனுக்கான பிரதியில் மட்டும் தலைப்பை ஒரு படி ஆரஞ்சுப் பக்கமாக நகர்த்தினாலோ, சுற்றி மெல்லிய வெளிர் கோடு கொடுத்தாலோ பெருமளவு சரியாகும். ஓவியர் ஒத்துக்கொள்ள வேண்டும், அது வேறு கதை.

ஜேபெக்குக்குப் பதிலாக பிஎன்ஜி எடுத்தால் இந்தச் சேதாரம் நம் பக்கத்தில் இல்லை. பிஎன்ஜி எதையும் தூக்கி எறியாது. தளங்கள் எப்படியும் தங்கள் பக்கத்தில் நசுக்கத்தான் போகின்றன. ஆனாலும் ஏற்கெனவே நசுங்கியதை மறுபடி நசுக்குவதைவிட ஒரு தடவையோடு போகட்டும். எழுத்தும் தட்டை நிறமும் என்றால் பிஎன்ஜி, முழுக்கப் புகைப்படம் என்றால் தரத்தை மாக்ஸிமத்தில் வைத்து ஜேபெக், இதுதான் என் வழக்கம்.

அச்சகத்துப் பழக்கம் இன்னும் இரண்டு இடத்தில் காலை வாரும். கலர் செட்டிங்கில் ப்ரீபிரஸ் என்று வைத்திருந்தால் ஆர்ஜிபி, அதாவது திரைக்கான சிவப்பு-பச்சை-நீலக் கணக்கு, அடோபி ஆர்ஜிபி என்கிற வகைக்கு மாறியிருக்கும். அதை எக்ஸ்போர்ட் செய்து, எந்த வகை என்று சொல்கிற ப்ரொஃபைலையும் கூடவே பொதிக்காமல் விட்டால், ஃபோன் அதைத் திரைகளுக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி என்று நினைத்துக்கொண்டு காட்டும். நிறமெல்லாம் சோகை பிடித்துப் போகும். கடைசிப் படத்தை எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றியே அனுப்ப வேண்டும். இரண்டாவது, கறுப்பு. ப்ரிஃபரன்ஸஸில் 'அப்பியரன்ஸ் ஆஃப் பிளாக்' என்று ஒன்று உண்டு. கறுப்பை உள்ளபடியே வெளியே அனுப்பு என்று அங்கே சொல்லியிருந்தால், அச்சு மைக் கணக்கான சிஎம்ஒய்கேயில் கே 100, அதாவது கறுப்பு மை மட்டும், என்று போட்ட எழுத்து ஆர்ஜிபியில் 35, 31, 32 என்கிற அடர் சாம்பலாக இறங்கும். காகிதத்தில் அது கறுப்பு, திரையில் வெளுத்த வேட்டிக் கரை. ரிச் பிளாக்காக வெளியே அனுப்பச் சொல்லிவிட்டால் உண்மையான கறுப்பு கிடைக்கும். நிழல், ஒளிவட்டம் எல்லாம் போட்ட பக்கம் என்றால் ஊடுருவித் தெரிகிற நிறங்களை எந்தக் கணக்கில் கலப்பது என்று சொல்கிற டிரான்ஸ்பரன்ஸி பிளெண்ட் ஸ்பேஸையும் ஆர்ஜிபிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் புகைப்படம் மட்டும் மொழுக்கென்று வந்தால் எக்ஸ்போர்ட் மேல் பழி போடுவதற்கு முன் லிங்க்ஸ் பலகத்தைத் திறந்து பாருங்கள். ஆக்சுவல் பிபிஐ, எஃபெக்டிவ் பிபிஐ என்று இரண்டு எண் இருக்கும். பிபிஐ என்றால் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல்; முதலாவது கோப்பில் எழுதியிருப்பது, இரண்டாவது பக்கத்தில் வைத்த அளவில் உண்மையில் கிடைப்பது. 300 பிபிஐ படத்தை நான்கு மடங்கு இழுத்தால் எஃபெக்டிவ் 75தான். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை யாரோ ஃபோட்டோஷாப்பில் திறந்து 300 என்று எழுதிச் சேமித்து அனுப்பியிருப்பார்கள். எண் மாறும், படத்தில் முகம் புதிதாக முளைக்காது. பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கேள்விக்குறி இருந்தால் மூலப் படமே காணோம் என்று அர்த்தம், இன்டிசைன் தன்னிடம் இருக்கிற மட்டமான முன்தோற்றத்தை வைத்து ஒப்பேற்றிவிடும்.

மூலக் கோப்பு இல்லாமல் பிடிஎஃப் மட்டும் கையில் கிடைக்கிற சந்தர்ப்பங்களும் நிறைய. பேஜ்மேக்கரில் செய்த பழைய புத்தகம் மறுபதிப்பு காணும்போது அநேகமாக அதுதான் கதி. பிடிஎஃபை ஃபோட்டோஷாப்பிலோ ஜிம்ப்பிலோ திறந்தால் எத்தனை பிக்சல் வேண்டும் என்று அதுவே கேட்கும், நான்கு மடங்கு கொடுத்துப் பிறகு சுருக்குங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துரு பிடிஎஃபுக்குள் பொதியப்படாமல் இருந்தால் வரியெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக மாறும், அப்போது அனுப்பியவரிடம் திரும்பிப் போவதைத் தவிர வழியில்லை. பிடிஎஃப் எக்ஸ்-1ஏ என்கிற அச்சுத் தரத்தில் எடுத்த கோப்பு என்றால் நிழல் விழுகிற இடங்களில் மயிரிழை மாதிரி வெள்ளைக் கோடுகள் தெரியும். அந்தத் தரத்தில் டிரான்ஸ்பரன்ஸியைத் துண்டு துண்டாக வெட்டித் தட்டையாக்கியிருப்பார்கள், துண்டுகளின் மூட்டுகள்தான் அப்படித் தெரிகின்றன. காகிதத்தில் அவை பெரும்பாலும் வருவதில்லை. எக்ஸ்-4இல் எடுத்துத் தரச் சொன்னால் கோடுகள் போய்விடும்.

கடைசியாக வாட்ஸ்அப். இவ்வளவு பாடுபட்டுச் செய்த படத்தை அது தன் இஷ்டத்துக்குச் சுருக்கும். 2023 ஆகஸ்டில் எச்டி என்று ஒரு பொத்தான் வந்தது, அனுப்புவதற்கு முன் அதைத் தொட்டால் சேதாரம் குறைவு. டாக்குமென்ட்டாக அனுப்பினால் கோப்பு அப்படியே போகும், பதிப்பாளருக்கு நான் அப்படித்தான் அனுப்புவேன். ஆனால் அவர் அதை ஃபேஸ்புக்கில் ஏற்றாமல், தன் ஃபோனில் திறந்து ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுகிற சாத்தியம் எப்போதும் உண்டு. அதனால் இப்போதெல்லாம் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுகிறேன்: 'இன்ஸ்டாவுக்கு 1080', 'ஃபேஸ்புக்குக்கு 2048', 'வாட்ஸ்அப்புக்கு எச்டி போட்டு அனுப்பவும்'. கூடவே நூலின் பெயர், ஆசிரியர், விலை, கிடைக்குமிடம் எல்லாவற்றையும் சாதாரண எழுத்தாகவும் ஒரு செய்தியில் அனுப்பிவிடுவேன், பதிவின் மேலே அப்படியே ஒட்டிக்கொள்ளலாம். பார்வையற்ற வாசகரின் திரைவாசிப்பானுக்கும் அது கிடைக்கும், தேடுகிறவர் கண்ணிலும் படும். விலை மாறினால் படத்தை மறுபடி எக்ஸ்போர்ட் செய்யவும் வேண்டாம்.